நான் கேட்காத பாட்டு

செஞ்சியில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருவன். ஒரு பெட்டி, ஒரு அமரர் ஊர்தி, ஒரு போன் நம்பர், இவ்வளவுதான் என் தொழில். பெட்டி கெட்டுப்போனால் ரிப்பேர் செய்யலாம், வண்டி நின்றுபோனால் வேறு வண்டி பிடிக்கலாம். நம்பரை மட்டும் மாற்ற முடியாது. அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து அனந்தபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் சுவர் சுவராக, வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு அதை எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நம்பருக்கு ஒரு வியாதி வந்தது. வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு நாள் விடியற்காலை சிங்கவரத்திலிருந்து போன். ஒரு பெரியவர் தவறிவிட்டார், பெட்டி வேண்டும் என்றார்கள். எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை வைத்து, உடலை ஏற்றி, மூடியைப் பொருத்திவிட்டுக் கிளம்பும்போது இறந்தவருடைய தம்பி என் கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைப் பக்கமாக அழைத்துப் போனார். பணம் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத தம்பி," என்றார். "சாவு சொல்ல போன் பண்ணா குத்துப்பாட்டா வெக்கறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மேலும் சொன்னார். நம்பரை அழுத்தியது அவர்தான். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய அண்ணி அழுதுகொண்டிருந்தார். என் நம்பர் பாட ஆரம்பித்ததும் அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

ஒருவனுடைய போனுக்குக் கூப்பிட்டால் என்ன பாட்டு கேட்கிறது என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டுக்கு வந்ததும் என் மனைவியின் போனை வாங்கி என் நம்பருக்கே போட்டேன். முதலில் உருமி மேளம். பிறகு நாலைந்து விசில். அப்புறம் ஒரு பெண் குரல் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில், "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, ஒருத்தர் விடாம வாங்க" என்று கூப்பிட்டது.

அமரர் ஊர்தி வைத்திருப்பவனுடைய போனில்.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். இரண்டு மாதமாக என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்களே ஆசப்பட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "இந்த வயசுல இன்னாத்துக்கு இதுன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன்."

கடந்த இரண்டு மாதத்தில் நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பாதி ரிங்கில் கட்டாகி மறுபடியும் வந்த அழைப்புகள். "இது பொட்டிக்காரர் நம்பர்தானே?" என்று சந்தேகமாகக் கேட்ட குரல்கள். ஒரு வீட்டில் நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அகப்பட்டது. வெட்கமாக இருந்தது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: சாவு வீட்டில் சத்தம் போடக் கூடாது. தெருமுனையிலேயே போனை வைப்ரேஷனில் போட்டுவிடுவேன், இருமல் வந்தால் வெளியே போய் இருமுவேன். அப்படிப்பட்டவன் நுழைவதற்கு அரை மணி நேரம் முன்பே என் நம்பர் அங்கே போய் விசில் அடித்திருக்கிறது.

சிம் கம்பெனிக்குப் போன் செய்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள், புகாருக்கு ஐந்தை அழுத்தச் சொன்னார்கள். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு குரல் கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தார். மிகவும் மரியாதையான பெண். அந்த மரியாதையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

"உங்க விருப்பத்தின் பேர்லதான் இந்தச் சேவை ஆக்டிவேட் ஆகியிருக்கு சார்."

"என் விருப்பம் எனக்கே தெரியலயேம்மா."

"சிஸ்டத்துல இருக்கு சார்."

என் தொழில் என்ன என்பதைச் சொல்லி, இந்தப் பாட்டு எங்கே போய் ஒலிக்கிறது என்பதையும் விளக்கினேன். கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம் என்றார். இழப்பு என்னுடையது இல்லை, என் வாடிக்கையாளர்களுடையது என்றேன். அவர்களுக்கும் வருத்தத்தைத் தெரிவிக்கச் சொன்னார். பாட்டை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். மனைவியின் போனிலிருந்து போட்டுப் பார்த்தேன். நின்றிருந்தது. அந்தப் பெண்ணை மனதார வாழ்த்தினேன்.

அடுத்த மாதம் முதல் தேதி பாட்டு திரும்ப வந்துவிட்டது. மீண்டும் ஐந்தை அழுத்திக் காத்திருந்து கேட்டேன். நான் சேர்ந்திருப்பது ஒரு வருட ஒப்பந்தமாம். நடுவில் நிறுத்திக்கொள்ளலாமாம், ஆனால் மாதம் பிறந்தால் தானாகவே தொடங்கிவிடுமாம். அப்படியானால் அதற்குப் பெயர் நிறுத்துவதா என்று கேட்டேன். நல்ல கேள்வி சார், பதிவு செய்துகொள்கிறேன் என்றார்கள். மறுநாள் காலையிலும் பாட்டு அப்படியே இருந்தது, எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. உங்கள் புகார் உங்களுக்கு முழுத் திருப்தி தரும் வகையில் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

நம்பரை வைத்துக்கொண்டே வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொன்னார். விண்ணப்பித்தேன். ஒப்பந்தம் நிலுவையில் இருப்பதால் மாற இயலாது என்று பதில் வந்தது. பாட்டுக்கு நான் கட்டியிருந்த தாலி அவ்வளவு கெட்டியாக இருந்தது.

கூட்டு ரோட்டில் அந்தக் கம்பெனியின் ஷோரூம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, செஞ்சி வெயிலிலும் டை கட்டிய ஒரு மேனேஜர். நான் போனபோது கோட்டை பார்க்க வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். அது முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு என் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர்கள் கடையில் எந்தச் சேவையையும் தொடங்கலாம், நிறுத்துவதற்கு மட்டும் அதிகாரம் இல்லை என்றார். ஆனால் பாட்டை மாற்றித் தர முடியும். காதல், நகைச்சுவை, கிராமியம், பக்தி என்று நான்கு வகை இருக்கிறது, உங்கள் தொழிலுக்குப் பக்தி பொருத்தமாக இருக்கும் என்று அக்கறையோடு சொன்னார்.

எந்தச் சாமியின் பக்தி என்று கேட்டேன். என்னைப் பள்ளிவாசல் தெருவிலிருந்து வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். சர்ச்சிலிருந்து கூப்பிடுகிறார்கள். மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பங்கள் கூப்பிடுகின்றன. சாமியே இல்லை என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டிலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒலிக்கக்கூடியது வெறும் டிரிங் டிரிங் ஒன்றுதான், அதைப் போட்டுக்கொடுங்கள் என்றேன். மேனேஜர் கம்ப்யூட்டரில் நிஜமாகவே தேடிப் பார்த்தார். அது லிஸ்டில் இல்லை என்றார்.

அந்த வாரத்தில்தான் இன்னொரு மெசேஜ் வந்தது. வாழ்த்துகள், உங்கள் காலர் டியூனை இதுவரை பத்தொன்பது பேர் காப்பி செய்திருக்கிறார்கள் என்று. பாட்டு ஓடும்போதே ஸ்டார் பட்டனை அழுத்தினால் அதே பாட்டு அழைப்பவருக்கும் வந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் போன் செய்பவர்கள் யார்? வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் பத்தொன்பது பேர் அந்த நிலையிலும் பாட்டு நன்றாக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பந்தல் போடுபவர் என்று பிறகு தெரிந்தது. அவரும் நானும் ஒரே வீட்டுக்கு அடிக்கடி போவோம். இப்போது அந்த வீட்டார் பந்தலுக்குக் கூப்பிட்டாலும் அதே பெண்தான் ஒருத்தர் விடாமல் வாருங்கள் என்றாள்.

மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பதாக பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. நான் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஸ்டார் பட்டனை அழுத்திச் சம்மதம் தெரிவித்தேன் என்று அதில் எழுதியிருந்தார்கள். பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

நான் பெட்டி போகும் இடத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்தத் தேதியை எடுத்துப் பார்த்தேன். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பகல் ஒரு மணிக்குப் பெட்டி வைத்தது என்று இருந்தது. பக்கத்திலேயே என் கையெழுத்தில், "போன் விழுந்துவிட்டது, திரும்பப் போய் எடுத்தது" என்றும் இருந்தது.

அதைப் படித்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது.

அன்று நடந்தது இதுதான். பெட்டியில் உடலை வைத்துச் சரி செய்யக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் உள்ளே விழுந்திருக்கிறது. மாலைகளுக்கு நடுவில் விழுந்ததால் நான் கவனிக்கவில்லை. மூடியைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். செஞ்சிக்கு வந்து பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினேன். அவர்கள் அனுமதியோடு மூடியைத் திறந்தால், சேர்த்துக் கட்டியிருந்த அவருடைய இரண்டு கைக் கட்டைவிரல்களுக்குக் கீழே, பெரிய ரோஜா மாலையின் அடியில் போன் கிடந்தது. மணி மூன்றேகால். என்னுடையது பட்டன் போன். கையுறை போட்டிருக்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று எந்த பட்டனைத் தொட்டாலும் அழைப்பை எடுக்கிற மாதிரி வைத்திருந்தேன். வைப்ரேஷனில் இருந்ததால் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டு நாற்பதுக்குக் கம்பெனியின் விளம்பர அழைப்பு வந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று பட்டனில் பட்டிருக்கிறது. பாட்டு வேண்டுமானால் ஸ்டாரை அழுத்துங்கள் என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. மறுபடியும் ஏதோ பட்டிருக்கிறது. மாலையின் கனமா, அவருடைய விரலா என்று என்னால் சொல்ல முடியாது. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

இதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதி மறுபடியும் கடிதம் போட்டேன். அந்த நேரத்தில் போன் இருந்த இடத்தில் ஒரே ஒரு நபர்தான் இருந்தார், அவர் காலமாகி ஒரு நாள் ஆகியிருந்தது என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். பதில் பத்து நாளில் வந்தது. அப்படியானால் சம்மதம் தெரிவித்த நபர் அடையாளச் சான்றுடன் அருகிலுள்ள ஷோரூமுக்கு நேரில் வந்து சேவையை ரத்து செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை என் மனைவி இரண்டு முறை படித்தாள். சிரிக்கவில்லை. "கேஸ் போடுங்க," என்றாள்.

விழுப்புரத்தில் இருக்கும் நுகர்வோர் கோர்ட்டில் வக்கீல் வைக்காமல் நாமே வழக்குப் போடலாம் என்றார்கள். அங்கே ஒரு கிளார்க் என் மனுவைப் படித்துவிட்டு, போனைப் பயன்படுத்தியவர் இறந்தவர் என்று சொன்னால் மட்டும் போதாது, இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. துக்கம் ஆறி வரும் ஒரு வீட்டுக்குப் போய், உங்கள் அப்பா என் போனில் ஒரு பாட்டு வைத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? இரண்டு முறை அந்தக் கிராமத்து எல்லை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது முறை போனபோது இறந்தவரின் மகன் வேர்க்கடலை மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் மாறும். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனியின் கடிதத்தையும் காட்டினேன். அவர் படித்துக்கொண்டே வந்தார். நேரில் வந்து ரத்து செய்துகொள்ளலாம் என்ற இடத்தில் நிறுத்தினார். கோணி ஊசியைக் கீழே வைத்தார்.

"எங்க நைனா உயிரோட இருந்தப்பவே போன்ல ஒரு பட்டன் அமுக்கத் தெரியாது," என்றார். "பச்ச பட்டன அமுக்குன்னா செவப்ப அமுக்குவாரு. நாங்க கத்துவோம்."

அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். அவருக்கும் படித்துக் காட்டினார். அவரும் சிரித்தார். மாமனார் செத்த பிறகாவது கற்றுக்கொண்டாரே என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் எழுந்து போய் இறப்புச் சான்றிதழின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். தேவைப்பட்டால் எழுதியும் தருகிறேன் என்றார். நோட்டரி முன்னிலையில் எழுதிக் கொடுத்தார். "என் தகப்பனார் உயிருடன் இருந்த காலத்திலும் கைப்பேசியை இயக்கத் தெரியாதவர்" என்ற அந்த வரியை டைப் அடித்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். நாற்பது வயது இருக்கும், களைத்த முகம். அவர் தாக்கல் செய்த பதிலில் மூன்று வாதங்கள் இருந்தன. கைப்பேசியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு. பட்டனை யார் அழுத்தினார்கள் என்பது முக்கியமில்லை, அழுத்தப்பட்டதா என்பதே முக்கியம். மூன்றாவதாக, சம்மதம் தெரிவித்ததாகச் சொல்லப்படும் நபரை இந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கவில்லை, ஆகவே வழக்கே செல்லாது.

கோர்ட்டின் தலைவர் ஒரு அம்மா. மூன்றாவது வாதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவருக்கு நோட்டீஸ் எங்க அனுப்பறது, வக்கீல் சார்?"

வக்கீல் அந்த வாதத்தை வலியுறுத்தவில்லை என்றார். பிறகு அந்த அம்மா, பாட்டு ஆட்சேபிக்கத்தக்கதாக ஒன்றும் இல்லை என்று பதிலில் இருக்கிறதே, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று அவரிடமே விசாரித்தார். அவர் கேட்டதில்லை. உங்கள் போனிலிருந்தே இவர் நம்பருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள் என்றார். சிங்கவரத்தில் இறந்தவருடைய தம்பி என் தரப்புச் சாட்சியாக வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

உருமி வந்தது. விசில் வந்தது. அந்தப் பெண் ஒருத்தர் விடாமல் எல்லாரையும் கூப்பிட்டாள். கரன்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டவர்கள், சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவர்கள், வரிசையில் காத்திருந்த இருபது முப்பது பேரும் நிமிர்ந்தார்கள். வாசலில் நின்றிருந்த டவாலி உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டுக்கு நடுவில் ஒரு ஆண் குரல் குறுக்கிட்டு, இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமென்றால் உடனே ஸ்டாரை அழுத்துங்கள் என்றது.

"அழுத்திடாதீங்க," என்றார் அந்த அம்மா.

நான் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். சிங்கவரத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது அன்று காலை நடந்ததை நாலே வரியில் சொன்னார். அண்ணி நிமிர்ந்து பார்த்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை என்றார்.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே கம்பெனி இறங்கி வந்தது. பாட்டை எடுத்துவிட்டார்கள், ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள், பாட்டுக்காக மாதாமாதம் பிடித்த பணத்தையும் வழக்குச் செலவையும் கொடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வந்தது. ஏதோ அச்சடித்த கடிதத்தில் என் பெயரை மட்டும் நுழைத்திருந்தார்கள் போல. உங்கள் இனிய தருணங்கள் ஒவ்வொன்றிலும் உங்களோடு இருக்க விரும்புகிறோம் என்று முடிந்தது. காப்பி செய்த பத்தொன்பது பேருக்காக நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பந்தல்காரரிடம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணத்துக்கும்தான் பந்தல் போடுகிறேன், பாட்டு இருக்கட்டும் என்றுவிட்டார்.

சமரசத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வக்கீலும் வந்தார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். கேஸ் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். சரி என்றேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். பிறகு, தன் தாயார் திண்டிவனத்தில் இருக்கிறார், படுத்த படுக்கையாகி நான்கு மாதம் ஆகிறது, தானும் தங்கையும் மாறி மாறிப் போய்ப் பார்த்து வருவதாகச் சொன்னார். டாக்டர் நாள் குறித்துவிட்டாராம்.

"திண்டிவனத்துக்கு வருவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வருவேன் என்றேன். பெட்டிக்கு த்ரீ ஃபேஸ் லைன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், வீட்டு கரன்ட்டே போதும், நான் ஒயர் கொண்டுவருவேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.